விடுமுறை ஆய்வின் கடைசி இரண்டு வாரம்: உங்களுக்கு என்ன நடந்தது?

கோப்பி ஓ கொசோங்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி தூரம்கூட இல்லாத ஊர், டிசம்பரிலும் வியர்க்கும். இருந்தாலும் மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை நீளும் விடுமுறையில் லேப்பில் கிடக்கிற நாம் எல்லாரும் அதை 'சம்மர் ப்ராஜெக்ட்' என்றுதான் சொல்கிறோம். சரி, அப்படியே இருக்கட்டும்.

நான் உயிரியல், மூன்றாம் ஆண்டுக்குப் போகிறேன். பத்து வார வேலை. முதல் நாளே மின்னஞ்சலில் நான்கு தேதிகள் வந்துவிட்டன: 250 சொல்லில் ஆய்வுச் சுருக்கம், போஸ்டர் கோப்பு, அதை மாட்டிவைத்து விளக்கும் போஸ்டர் நாள், முழு அறிக்கை. நான்கையும் கைப்பேசியில் சிவப்பில் குறித்தேன். ஒன்றைக்கூடத் தவற விடவில்லை. ஆனாலும் மாட்டிக்கொண்டேன்.

செல்களுக்குச் சாயம் ஏற்றி ஸ்லைடுகளைத் தயார் செய்து, வெளிச்சம் படாமல் நான்கு டிகிரியில் வைத்துவிட்டேன். லேசர் ஒளியில் படம் எடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் படம் எடுப்பதுதான் பாக்கி. அதை ஒன்பதாவது வாரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தால் அந்த வாரம் முழுக்க ஒரு வெள்ளைக் கட்டம் இல்லை. எனக்குப் போஸ்டர் நாள் என்றால் மற்றவர்களுக்கும் அதே நாள்தானே! அது தேசிய தின வாரம் வேறு. ஆகஸ்ட் 9 வெள்ளிக்கிழமை வந்ததால், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வியாழனையும் சேர்த்து விடுப்பு எடுத்திருந்தார். அவர் இல்லாத நேரத்தில் இளநிலை மாணவர்கள் தனியாக அதைத் தொடக்கூடாது என்பது விதி. போஸ்டர் கோப்பு திங்கட்கிழமை காலை போயாக வேண்டும்.

பக்கத்து லேப் சீனியர் ஒருவர் பாவம் பார்த்து, புதன் இரவு எட்டு முதல் பத்து வரை இருந்த தன் நேரத்தை விட்டுக்கொடுத்தார். மேற்பார்வைக்கு அவரே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். லேசர் சூடாகி நிலைக்கு வர அரை மணி நேரம். மீதி ஒன்றரை மணி நேரத்தில் மூன்று செல் குழுக்களில் இரண்டுக்குத்தான் படம் கிடைத்தது. மூன்றாவது ஸ்லைடில் சாயம் மங்கிப்போய், ராத்திரி வானத்தைப் படம் பிடித்த மாதிரி இருந்தது.

போஸ்டரில் இரண்டு கம்பங்களும் பக்கத்தில் ஒரு வெற்றிடமுமாக வரைபடத்தைப் போட்டேன். பார்வையிட வந்த பேராசிரியர் நேரே அந்த வெற்றிடத்தைத்தான் கைகாட்டினார். "நேரம் கிடைக்கவில்லை" என்றேன். "அதையே அங்கே எழுதியிருக்கலாமே, நான் கேட்டிருக்க மாட்டேனே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த நான்கு சிவப்புத் தேதிகளில் இயந்திரத்தின் தேதியும் இல்லை, அக்காவின் விடுப்பும் இல்லை. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நாலாவது மாடி

அக்கா, உங்களுக்கு இரண்டு கம்பமாவது கிடைத்தது. எனக்கு நான்கு நாள் முழுக்க ஒன்றுமே இல்லை.

நான் பொறியியல். அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே காற்று எப்படி நுழைந்து போகிறது என்று கணினியில் மாதிரி ஓட்டுகிற வேலை. லேப்டாப்பில் ஓடாது, பல கணினிகளை ஒன்றாக இணைத்த பல்கலைக்கழகக் கிளஸ்டரில்தான் ஓட்ட வேண்டும். எல்லா முடிவுகளும் அங்கே 'ஸ்கிராட்ச்' என்கிற தற்காலிக இடத்தில் கிடந்தன. கொஞ்சநஞ்சமில்லை, 400 ஜிபிக்கு மேல். தற்காலிகம் என்று பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் விடுமுறை வேலைக்கான ஒப்பந்தம் ஜூலை 31 வரை. அறிக்கை ஆகஸ்ட் மூன்றாவது வாரம். நடுவில் நிறைய நாள் இருக்கிறதே, நிதானமாக வரைபடம் போடலாம் என்று ஆகஸ்ட் 1 காலையில் கோப்பியும் கையுமாக உட்கார்ந்தால், கடவுச்சொல் செல்லாது என்கிறது. மாணவர் அட்டை வேலை செய்கிறது, நூலகக் கதவு திறக்கிறது, கிளஸ்டர் கணக்கு மட்டும் இல்லை. அது மாணவர் என்பதற்காகக் கொடுத்த கணக்கு இல்லையாம், அந்த ஒப்பந்தத்துக்காகக் கொடுத்ததாம். ஒப்பந்தம் முடிந்த இரவே கதவைச் சாத்திவிட்டது.

சூப்பர்வைசர் மாநாட்டுக்காக வெளியூரில். கணக்கைத் திறக்க அவர் கையெழுத்து வேண்டும். நான்கு நாள் கழித்துத் திறந்தார்கள். அதற்குள், பல நாளாகத் தொடாத கோப்புகளைத் துடைக்கும் வழக்கமான துப்புரவு நடந்து முடிந்திருந்தது. ஜூன் மாத ஓட்டங்கள் எல்லாம் காலி.

பிழைத்தது எப்படி என்றால், ஜூனில் ஒரு சந்தேகம் கேட்க உள்ளீட்டுக் கோப்புகளைச் சூப்பர்வைசருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அதை எடுத்து மறுபடி ஓட்டினேன். ஒன்பது நாள் ஆனது. வந்த எண்கள் பழைய விளக்கக்காட்சியில் இருந்த எண்களோடு கொஞ்சம் ஒட்டவில்லை. இடையில் மென்பொருளின் பதிப்பைப் புதுப்பித்திருந்தார்கள், முதலில் எந்தப் பதிப்பில் ஓட்டினேன் என்று நான் எங்கேயும் குறிக்கவில்லை. அறிக்கையில் அதற்கு ஒரு பத்தி எழுத வேண்டி வந்தது. உண்மையைச் சொன்னால், மொத்த அறிக்கையில் நான் கவனமாக எழுதிய பத்தி அது ஒன்றுதான்.

போஸ்டர் குழாய்

என் கதை சின்னது. அரங்கில் இருந்த பலகை நெட்டுவாக்கு. நான் அச்சடித்தது படுக்கைவாக்கு, ஏ0 அளவு, 1189 மில்லிமீட்டர் அகலம். இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பலகைக்காரர் முதல் அரை மணி நேரம் என் 'முடிவுரை'க்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் பேசினார். அச்சுக்கடைக்குப் போகுமுன் பலகையின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடிக்காற்று

நீங்கள் எல்லாரும் இயந்திரத்தோடு போராடியிருக்கிறீர்கள். நான் பஞ்சாங்கத்தோடு போராடினேன்.

வரலாறு படிக்கிறேன். லிட்டில் இந்தியாவின் பழைய மளிகைக்கடைகளைப் பற்றி விடுமுறைத் திட்டம். தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் தமிழ் முரசு பழைய இதழ்களைப் புரட்டி, 1950களின் கடை விளம்பரங்களைச் சேர்த்தேன். 1935இல் தொடங்கிய பத்திரிகை. மல்லி, மிளகாய், கப்பல் டிக்கெட் என்று அந்த விளம்பரங்களைப் படித்தாலே பொழுது போய்விடும். எனக்கும் போனது, ஒரு மாதம்.

அப்புறம்தான் பேட்டிகள். மனிதர்களிடம் பேட்டி எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. என்னுடையது ஆகஸ்ட் 15. ஆறு பேரில் ஐந்து பேரை ஜூலைக்குள் முடித்தேன். ஆறாவது ஆள்தான் முக்கியமானவர். அப்பா காலத்திலிருந்து கடை வைத்திருந்தவர், எண்பதைத் தாண்டியவர். ஜூலை மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"ஆடி கழியட்டும் தம்பி. ஆவணியில வா."

"தாத்தா, இது கல்யாணம் இல்லையே, வெறும் பேட்டிதானே."

"அப்பா பேரச் சொல்லப் போறேன். அதுவும் நல்ல காரியந்தான்."

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆவணி முதல் தேதி ஆகஸ்ட் 17 வாக்கில் வரும். என் அனுமதி இரண்டு நாள் முன்னால் செத்துவிடும். இதை என் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் விளக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அவர் சட்டென்று புரிந்துகொண்டார். அவர் வீட்டிலும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் பாட்டி எதையும் தொடங்க விடமாட்டாராம். "அனுமதியை நீட்டிக்கப் படிவம் இருக்கிறது, முடிந்த பிறகு கேட்டால் கொடுக்க மாட்டார்கள், இன்றைக்கே எழுது" என்றார். எழுதினேன், கிடைத்தது.

ஐந்து பேட்டிகளோடு அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். ஆறாவதை ஆவணியில் போய் எடுத்தேன். முதல் நாற்பது நிமிடம் அவர்தான் என்னைப் பேட்டி எடுத்தார்: எந்த ஊர், தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், இன்னார் உனக்கு உறவா என்று. அதன் பிறகு பேச ஆரம்பித்தார் பாருங்கள், இரண்டு மணி நேரம். ஒலிப்பதிவை எழுத்தாக்க எனக்கு நான்கு நாள் ஆனது. அவர் பேச்சில் மலாயும் தமிழும் ஹொக்கியனும் ஒரே வாக்கியத்தில் வரும். எந்த மென்பொருளும் அதைப் பிடிக்காது. விடுமுறையில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் யாராவது பேட்டி வைத்திருந்தால், எழுத்தாக்கும் வேலைக்கு நாள் ஒதுக்குங்கள். பேசிய நேரத்தைப் போல ஐந்தாறு மடங்கு எனக்கு எடுத்தது.

திருச்சி டு சாங்கி

வணக்கம். நான் இங்கே படிப்பவன் இல்லை. இரண்டு மாதப் பயிற்சிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து போனவன்.

எங்களுக்குக் கோடை விடுமுறை உண்மையிலேயே கோடையில்தான். ஜூலையில் கல்லூரி திறந்துவிடும். இங்கே என் பயிற்சி ஜூலைக் கடைசி வரை. வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத விடமாட்டார்கள். துறைத்தலைவரிடம் 'ஓ.டி.' கடிதம் (ஆன் டியூட்டி, வெளியே இருந்தாலும் வந்ததாகக் கணக்கு) வாங்காமல் வந்துவிட்டேன். கடைசி வாரம், இங்கே லேப்பில் முடிவுரைப் பேச்சுக்குத் தயாராகிற நேரத்தில், அவர் தினமும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார். நான் கழிவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "சார், சார், வந்துடறேன் சார்".

வெளியேறும் படிவம் என்று ஒன்று கொடுத்தார்கள். மேசை சுத்தம், ரசாயனப் பட்டியல், லாக்கர் சாவி, கதவு அட்டை என நான்கு கையெழுத்து. மூன்று ஒரே மணி நேரத்தில் கிடைத்தது. நான்காமவர் அன்றைக்கு விடுப்பு. விமானம் மறுநாள் காலை. அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடக்கூடியவரைத் தேடி மூன்று மாடி ஏறி இறங்கினேன்.

இன்னொன்று: நான் வளர்த்த பாக்டீரியாவில் கொஞ்சத்தை ஊருக்குக் கொண்டுபோய் வேலையைத் தொடரலாம் என்று ஆசைப்பட்டேன். லேப் அண்ணன் பதறிப்போனார். இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவே ஒப்பந்தம் இல்லாமல் ஒரு குப்பி வெளியே போகக்கூடாதாம். அதற்கு மாதக்கணக்காகும், முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார். கடைசியில் பெட்டியில் வந்தது முஸ்தபா கடையில் வாங்கிய ஒரு டஜன் கோடாலித் தைலமும், நாலாக மடித்த போஸ்டரும்தான். போஸ்டர் இப்போது அம்மாவின் அரிசி டப்பாவுக்கு மேலே விரிப்பாக இருக்கிறது. ஏ1 அளவு சரியாகப் பொருந்துகிறது.

மேசைக்கு அந்தப் பக்கம்

நான் முனைவர் பட்ட மாணவன். ஒவ்வொரு விடுமுறையிலும் இரண்டு இளநிலை மாணவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். தேசியப் பல்கலைக்கழகத்தின் 'யூரோப்' என்கிற இளநிலை ஆய்வுத் திட்டத்தில் வந்தாலும் சரி, நன்யாங்கின் யூரேக்கா மாதிரி ஓர் ஆண்டு நீளும் திட்டமானாலும் சரி, கடைசி வாரம் ஒரே மாதிரிதான் போகிறது. இரவு 11 மணிக்கு ஆய்வுச் சுருக்கம் வரும், "அண்ணா, காலை 9 மணிக்குள் பார்த்துத் தர முடியுமா" என்று. பார்த்துத் தருவேன். ஆனால் தூக்கக் கலக்கத்தில் எழுத்துப்பிழையைத்தான் பார்ப்பேன், உங்கள் முடிவு சரியா என்று பார்க்க மாட்டேன். மூன்று நாள் முன்னால் கொடுத்தால் இரண்டையும் பார்ப்பேன்.

நீங்கள் போன பிறகு எங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டியில் ஒரு பெட்டி, ஒன்பதுக்கு ஒன்பது, 81 குப்பிகள். மூடியில் 1, 2, 3, '3 புதுசு', ஒரு சிரிப்பு முகம். சாதாரண பேனாவில் எழுதியது. லேப் ஆல்கஹால் பட்ட இடமெல்லாம் அழிந்துவிட்டது. எழுதியவர் அதற்குள் ஐரோப்பாவில் மாணவர் பரிமாற்றத்தில் இருந்தார். கேட்டதற்கு "3 புதுசுதான் நல்லது என்று நினைக்கிறேன் அண்ணா" என்று பதில் வந்தது. நினைக்கிறாராம்! 81ஐயும் தூக்கிப் போட்டேன். அவருடைய பத்து வாரமும் அதோடு போனது. நல்ல மாணவி, அருமையான போஸ்டர், பரிசுகூட வாங்கினார்.

அப்புறம் பரிந்துரைக் கடிதம். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலான இடங்களில் டிசம்பரில் விண்ணப்பம் முடியும். நவம்பர் கடைசியில் பேராசிரியருக்கு எழுதினால், உங்கள் முகமே அவருக்கு நினைவிருக்காது. ஆகஸ்டில், கிளம்புவதற்கு முன்பே நேரில் கேளுங்கள். என்னென்ன செய்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதைப் பார்த்துத்தான் அவர் எழுதுவார், கூச்சப்பட ஒன்றுமில்லை.

கோப்பி ஓ கொசோங்

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. என் பெட்டியில் 54 குப்பிகள். சிரிப்பு முகம் இல்லை, ஆனால் 'பி-நல்லது' என்று ஒன்று இருக்கிறது.

லேப் அட்டை இன்னும் வெள்ளிக்கிழமை வரை வேலை செய்யும். கேட்டுப் பார்த்தேன், குளிர் தாங்கும் ஒட்டுத்தாள் ஒரு சுருள் அலமாரியில் இருக்கிறதாம். நாளைக் காலை முதல் வகுப்பு பத்து மணிக்கு. ஏழரைக்கே போய் உலர்பனிக்கட்டி மேல் பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதப் போகிறேன். நாலாவது மாடித் தம்பி, அதே கட்டடம்தானே? வருகிற வழியில் ஒரு கோப்பி வாங்கிவா, சர்க்கரை வேண்டாம்.