ஃப்ளாஸ் நூல் பழக்கம் ஐந்தாம் நாளே நின்றுவிடுகிறது, என்ன செய்வது?

தென்றல்:
இரவில் பல் துலக்கிய பிறகு ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) போடுகிறேன். நாலைந்து நாளுக்கு மேல் நீடிப்பதில்லை. கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே நூல் இறங்க மறுக்கிறது; அழுத்தினால் 'டக்'கென்று இறங்கி ஈறை வெட்டுகிறது. இரண்டு மூன்று இடங்களில் ரத்தம் வருகிறது. வலப்பக்கம் ஒரே ஓர் இடுக்கில் மட்டும் நூல் எப்போதும் நார்நாராகப் பிரிகிறது. ரத்தம் வந்தால் நிறுத்த வேண்டுமா? தினமும் விடாமல் செய்ய என்ன வழி?

கார்முகில்:
வலிக்கிற வேலையை யாராலும் தினமும் செய்ய முடியாது. அதனால் முதலில் அந்த 'டக்'கைச் சரிசெய்யுங்கள்.

ஒரு முழம் நூல் எடுங்கள், சுமார் 45 செ.மீ. பெரும்பகுதியை ஒரு கையின் நடுவிரலில் சுற்றி, மறுமுனையை அடுத்த கையின் நடுவிரலில் இரண்டு சுற்று சுற்றுங்கள். நடுவே 2 அல்லது 3 செ.மீ. மட்டும் விறைப்பாக இருக்கட்டும். அதிகம் விட்டால் பிடி தளர்ந்துவிடும், ஈறு வெட்டுப்படுவது பெரும்பாலும் இதனால்தான். கீழ்ப்பற்களுக்கு இரண்டு ஆள்காட்டி விரல்களால் நூலை வழிநடத்துங்கள்.

நேராக அழுத்தாதீர்கள். முன்னும் பின்னுமாக ரம்பம் போலச் சிறிது சிறிதாக இழுத்து இறக்குங்கள். பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தைத் தாண்டியதும் ரம்ப அசைவை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து நூலை ஒரு பல்லின் பக்கச் சுவரோடு வளைத்து அணைத்து, ஈறின் ஓரத்துக்குக் கீழே லேசான தடை தெரியும் வரை நுழைத்து, மேலும் கீழுமாக ஐந்தாறு முறை தேய்க்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லின் சுவர். ஓர் இடுக்குக்கு இரண்டு சுவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்! வெறுமனே இறக்கி ஏற்றினால் உணவுத் துணுக்கு வெளியே வரும், ஆனால் ஈறைக் கெடுக்கும் கிருமிப் படலம் சுவரிலேயே ஒட்டியிருக்கும். அடுத்த இடுக்குக்குப் புது நூல் பகுதி வரும்படி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள்.

நெருக்கமான பற்களுக்கு மெழுகு பூசிய நூல் அல்லது பட்டையான வழுக்கு நூல் எளிதில் இறங்கும். நூல் மாட்டிக்கொண்டால் மேலே இழுக்காமல் ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவி எடுங்கள்.

இளவேனில்:
ரத்தம் வந்தால் நிறுத்தக் கூடாது. படலம் தங்கி வீங்கிய ஈறுதான் தொட்டதும் கசிகிறது. அந்த இடத்துக்குத்தான் நூல் அதிகம் தேவை. முறையாகச் செய்தால் பொதுவாக ஒன்று, இரண்டு வாரத்தில் கசிவு குறையும். அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் தொடர்ந்தால், ஈறுக்குக் கீழே காரை (கெட்டிப்பட்ட கிருமிப் படலம்) இறுகியிருக்கலாம். காரையை நூலால் எடுக்க முடியாது, பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் கசிவு கூடுதலாகத் தெரியும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. புகைபிடிப்பவர்களுக்கு நேர்மாறு: ஈறு நோய் இருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும், அதனால் 'ரத்தமில்லை, நலம்' என்று எண்ணிவிடக் கூடாது.

நார்நாராகும் இடுக்கை அலட்சியப்படுத்தாதீர்கள். பல் அடைப்பின் விளிம்பு துருத்தியிருக்கலாம், சொத்தை தொடங்கியிருக்கலாம், காரையின் சொரசொரப்பாகவும் இருக்கலாம். நூலை மாற்றியும் அதே இடத்தில் பிரிந்தால் அந்த இடத்தைப் பல் மருத்துவரிடம் குறிப்பாகக் காட்டுங்கள்.

வெண்முத்து:
பழக்கத்தைப் பற்றி. துலக்கிய பின் என்பதைத் துலக்கும் முன் என்று மாற்றிப் பாருங்கள். துலக்கி முடித்ததும் வாய் புத்துணர்வாகிவிடும், 'வேலை முடிந்தது' என்று மனம் கிளம்பிவிடும். முன்பே நூல் போட்டால் துலக்கல் மிச்சமிருப்பதால் நடுவில் விட மாட்டீர்கள். பற்பசையின் ஃபுளோரைடும் சுத்தமான இடுக்குக்குள் போகும். தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டாம், இரவுச் சாப்பாடு முடிந்து சிறிது நேரத்திலேயே செய்துவிடலாம். நூல் டப்பா அலமாரிக்குள் இருந்தால் கை போகாது. பிரஷ் நிற்கும் குவளைக்குள்ளேயே போடுங்கள்.

முதல் வாரம் கீழ் வரிசையில் ஒரு பக்கம் மட்டும். அடுத்த வாரம் கீழ் வரிசை முழுவதும். பிறகு மேல் வரிசை. கை பழகியதும் முழு வாயும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். நாளுக்கு ஒரு முறை போதும்.

தென்றல்:
நன்றி. மேல் வரிசையில் ஒட்டிய பிரிட்ஜ் (இருபக்கப் பற்களோடு பிணைத்த பொய்ப்பல்) ஒன்று உண்டு, அதில் நூல் கடிக்கும் பக்கத்திலிருந்து நுழையாது. முன்பற்களில் இரண்டு இடுக்கு அகலமாகவும் இருக்கிறது.

கார்முகில்:
பிரிட்ஜுக்கு ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சு போலவும் இருக்கும் நூல் கிடைக்கும். விறைப்பான முனையைப் பக்கவாட்டில் நுழைத்து, பொய்ப்பல்லின் அடியில் பஞ்சுப் பகுதியை முன்னும் பின்னும் இழுங்கள். இருபுறத் தாங்கு பற்களின் சுவரையும் விடாதீர்கள், சொத்தை அங்கேதான் ஒளிந்து பிடிக்கும்.

அகலமான இடுக்குக்கு நூலைவிடப் பல்லிடை பிரஷ் (கம்பியைச் சுற்றி நார்கள் உள்ள சின்ன பிரஷ்) நல்லது. வேர்ப்பகுதியின் குழிவை நூல் தொடாமல் தாண்டிவிடும், பிரஷின் நார்கள் நிரப்பிவிடும். நார்கள் இரு சுவரையும் உரச வேண்டும், கம்பி பல்லில் உரசக் கூடாது. அதுதான் சரியான அளவு. திணித்துத்தான் போகிறது என்றால் ஒரு அளவு சிறியதை எடுங்கள். கம்பி வளைந்தாலோ நார் சாய்ந்தாலோ மாற்றிவிடுங்கள்.