அப்டேட்: பெரியம்மா வீட்டு செட்டில்மென்ட் விஷயம்

போன மாசம் போட்டிருந்தேன்ல, மெல்போர்ன்ல இருக்குற அண்ணன் பேருக்கு பெரியம்மா வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் குடுத்துட்டாங்க, இப்ப அவரு பணமும் அனுப்புறதில்ல, வீட்டை விக்க ஆள் பாக்குறாருன்னு. அதோட அடுத்த கதை இது.

2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல மனு குடுத்தாச்சு. வக்கீல் இல்லாம நாமளே எழுதினதுதான். நான் பயந்தது பத்திரத்தை நெனச்சு, ஏன்னா பிரிவு 23ல செட்டில்மென்டை ரத்து பண்ணக் கேக்கணும்னா, எழுதிக் குடுத்தவங்களை பாத்துக்கணும்ங்கிற நிபந்தனை பத்திரத்துல இருக்கணும், நம்மதுல வழக்கம்போல "அன்பு பாசத்தினால்" மட்டும்தான் இருக்கும்னு நெனச்சா நாலாம் பக்கத்துல ஒரே ஒரு வரி, "ஆயுள் வரை பராமரித்து வரவும்"னு பத்திரம் எழுதினவர் சேத்து வச்சிருக்காரு, அந்த மனுஷன் நல்லாருக்கணும்.

ஜீவனாம்சம் அந்த சட்டத்துல மாசம் 10,000 வரைக்கும்தான், மாத்திரைக்கே சரியா போகும். வெளிநாட்ல இருக்கறவங்களுக்கு சம்மன் அனுப்பவும் அதுலயே வழி இருக்கு, எவ்ளோ நாள் இழுக்குதுன்னு பாப்போம்.

பெரியம்மா மனு ரசீதை ரேஷன் கார்டோட மஞ்சப்பையில சுருட்டி வச்சுகிட்டு, "சம்மன் போனா அவனுக்கு வேலைல ஏதும் பிரச்சனை வருமாடா?"ன்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்ல.