‘பீடு அன்று’ என்றவளா பதுமை?

ஒற்றியூர்க்காரன்: ஞாயிறன்று தண்டையார்பேட்டை வாசகர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “மதுரைக்குப் போகும்வரை கண்ணகி வெறும் பதுமை, சிலப்பதிகாரத்தில் மனம் மாறி நம் இரக்கத்தைப் பெறுகிறவள் மாதவிதான்” என்றார். அதற்குக் கைதட்டல் வேறு. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்று தோழி தேவந்தி அழைக்கும்போது, ‘பீடு அன்று’, அது பெருமையல்ல, என இரண்டே சொல்லில் மறுத்தவளா பதுமை?

வண்ணை வாசகி: கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. ‘பீடு அன்று’ என்பது குலமகளுக்கு ஊர் வகுத்த வரம்புக்குள் நின்று சொன்ன சொல். அதைச் சொன்ன கையோடு கோவலன் வந்து நிற்கிறான். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல், முகம் மலர்ந்து ‘சிலம்பு உள கொண்ம்’, சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள், என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வந்திருக்கிறான் என்று எண்ணியே அப்படிச் சொன்னாள் என்பது பழைய உரை. மாதவியோ முதல் மடலைக் கோவலன் வாங்க மறுத்த பிறகும், கோசிகன் என்ற அந்தணன் கையில் இன்னொன்று அனுப்பி, பெற்றோரை விட்டு மனைவியோடு இரவில் வெளியேறும்படி தான் செய்த பிழை என்ன என்று கேட்கிறாள். அதைப் படித்த பிறகுதான் தீது தன்னுடையது என்று கோவலனே உணர்கிறான்.

ஒற்றியூர்க்காரன்: நீங்கள் ஒன்பதாம் காதையோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள். பதினாறாம் காதையைத் திறந்து பாருங்கள். ஆயர் வீட்டில் வளைந்த அரிவாளால் காய் அரிந்து விரல் சிவந்து, முகம் வியர்த்து, புகையில் கண் சிவக்கச் சமைத்து, வாழைக் குருத்தில் சோறு படைத்த அதே பெண், சற்று நேரத்தில் கணவன் முகத்துக்கு நேராகப் ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’, பெரியோர் போற்றாத வழியில் நடந்தீர், என்கிறாள். பாண்டியன் அவைக்குப் போவதற்கு முன்பே சொன்ன சொல் இது. ‘பீடு அன்று’ என்றபோது இருந்த அதே நிமிர்வுதான் இங்கே வாய் திறக்கிறது.

பெரம்பூர் தமிழாசிரியர்: மாதவியை யார் நினைக்கிறார்கள்? 1968இல் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை வைத்தோம், 2001இல் அது அகற்றப்பட்டபோது கொதித்தோம், 2006இல் மீண்டும் நிறுவினோம். மாதவிக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒற்றியூர்க்காரன்: சிலையை ஏன் இழுக்கிறீர்கள்? சீற்றத்தோடு வந்த கண்ணகிதான் வட்டப்பாறையம்மன் என்று எங்கள் திருவொற்றியூரில் சொல்வார்கள். எங்களுக்குச் சிலை வந்துதான் அவளைத் தெரிய வேண்டும் என்பதில்லை. ‘பீடு அன்று’ என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

வண்ணை வாசகி: ஊர்ப் பெருமை பேசினால் பொருள் மாறிவிடாது. போன ஆண்டு என்னிடம் வாங்கிய உரைநூலைத் திருப்பித் தந்திருந்தால் பக்கம் காட்டியே பேசியிருப்பேன். கோவலன் இறந்த செய்தி கேட்டு, மாலையோடு கூந்தலையும் களைந்து, மகள் மணிமேகலைக்குக் கணிகையர் கோலம் வேண்டாம் என்று தாயிடம் சொல்கிறாளே மாதவி, அதைவிடப் பெரிய மாற்றம் எது?

ஒற்றியூர்க்காரன்: உரைநூல் வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். மாதவி துறந்ததை நான் மறுக்கவே இல்லை. துறப்பதற்கு ஒரு சாவு வேண்டியிருந்தது. கண்ணகிக்கு, கணவன் உயிரோடு இன்னொருத்தி வீட்டில் இருந்தபோதே ‘பீடு அன்று’ என்று சொல்ல முடிந்தது.

வண்ணை வாசகி: அப்படிச் சொன்னவள்தான் மறுகணமே சிலம்பை எடுத்து நீட்டினாள்.