ஃபோனோடாக்டிக்ஸ்: ‘ஒலியன் வருமுறை’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மொழியின் ஒலி அமைப்பைப் பற்றிய ஒலியனியலின் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தமிழ்க் கலைச்சொல் தேடி வருகிறோம். ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் ஒலி, ஃபோனீம்), மாற்றொலி (ஓர் ஒலியன் இடத்துக்கேற்ப ஒலிக்கும் வடிவம்), அசை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. அந்தப் பட்டியலில் ஃபோனோடாக்டிக்ஸ் என்ற இந்த ஒரு சொல் மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: ஒலியுத்தி, ஒலியன் வரிசையியல், ஒலிமயக்கம். மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பரிந்துரையையும் வைக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘பிழுகை’, ‘ழுபிகை’ என்று இரண்டு சொற்களை எழுதிப் பாருங்கள். இரண்டுமே நமக்குத் தெரியாத சொற்கள். ஆனால் பிழுகை என்று ஓர் ஊர் இருப்பதாக யாராவது சொன்னால் எந்த மாவட்டம் என்று கேட்போம். ழுபிகை என்றால் எழுத்துப்பிழையோ என்று பார்ப்போம். எழுத்துகள் என்னவோ அதேதான்; ழகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பது மட்டும் நமக்குள் ஊறியிருக்கிறது. எந்த ஒலி முதலில் வரும், எது ஈற்றில் நிற்கும், எதை அடுத்து எது வரும் என்கிற இந்தக் கட்டுப்பாடுகளுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

மொழிக்கு மொழி இவை மாறும். ஜார்ஜிய மொழியில் ‘நீ எங்களைத் தோலுரிக்கிறாய்’ என்பதற்கு ஒரு சொல் உண்டு: எட்டு மெய்கள் அடுத்தடுத்து வந்து, கடைசியில் ஓர் இகரம். ஜப்பானியர்களோ ‘ஸ்டிரைக்’ என்பதையே சு-டொ-ரா-இ-கு என்று ஐந்து மாத்திரையாகப் பிரித்தால்தான் சொல்ல முடியும்.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘ஒலியுத்தி’ வேண்டாம். இங்கே டாக்டிக்ஸ் என்பது போர்த்தந்திரம் அல்ல. அதன் கிரேக்க வேருக்கு ஒழுங்குபட அமைத்தல் என்பதே பொருள். படையை அணிவகுப்பதிலிருந்துதான் தந்திரம் என்ற பொருளே வந்தது. ‘வரிசையியல்’ பாதிப் பொருளைத்தான் தருகிறது. ழகரம் முதலில் வராததற்கும் பக்கத்து எழுத்துக்கும் தொடர்பில்லை. அது இடத்தைப் பற்றிய கட்டுப்பாடு.

‘ஒலிமயக்கம்’தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. இலக்கண மரபு அதன் பக்கம் இருக்கிறது. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும்: பக்கம், அச்சம், பத்து, உப்பு. ர், ழ் இரண்டும் தம்மோடு சேரவே சேராது, பிற மெய்களோடுதான் சேரும்: பார்வை, வாழ்வு. இதை மெய்ம்மயக்கம் என்று நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்தோம். வடமொழிப் பக்தர் தேவாரத்தில் ‘பத்தர்’ ஆனதும் இதனால்தான். க்-ஐ அடுத்துத் த் வராது. இத்தனை துல்லியமான சொல்லைக் கைவிட எனக்கும் மனமில்லை. ஆனால் இரண்டு தடைகள். மெய்ம்மயக்கம் மெய்யும் மெய்யும் சேர்வதை மட்டும் பேசுகிறது. அதைவிடப் பெரிய தடை, ல-ள-ழ, ர-ற, ந-ண-ன ஆகியவற்றை ‘மயங்கொலிகள்’ என்றே பள்ளிகளில் சொல்லித்தருகிறார்கள். மயங்கொலிப் பிழை என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதே பிள்ளை கல்லூரியில் ‘ஒலிமயக்கம்’ என்று படித்தால் ளகர ழகரக் குழப்பம் என்றுதான் நினைக்கும். மெய்ம்மயக்கம் தன் பழைய பொருளிலேயே ஓர் உட்பிரிவாக இருக்கட்டும்.

நன்னூலார் எழுத்திலக்கணத்தைப் பன்னிரண்டு பகுதிகளாக எண்ணுகிறார். அவற்றுள் முதல், ஈறு, இடைநிலை என்ற மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. நாம் பெயர் தேடுவது சரியாக இந்த மூன்றையும் சேர்த்த தொகுதிக்குத்தான். பொருள் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. மூன்றுக்கும் பொதுவான பெயர்தான் வேண்டும்.

அந்தப் பெயரை நாம் பேசும் முறையிலிருந்தே எடுக்கலாம் என்பது என் எண்ணம். ‘டகரம் முதலில் வருமா?’, ‘வல்லினமெய் ஈற்றில் வராது’ என்றுதான் ஆசிரியரும் சொல்கிறார், மாணவரும் சொல்கிறார். இந்த ‘வரும்’, ‘வராது’ என்ற வினையே போதும். ஒலியன் வருமுறை. முதல்வருமுறை, இடைவருமுறை, ஈற்றுவருமுறை என்று உட்பிரிவும் தானாக அமைகிறது. ‘வரன்முறை’ என்று ஏன் வைக்கக்கூடாது என்று கேட்கலாம். மனை வரன்முறை என்று அது அரசாணைகளில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

ஒரு கலைச்சொல் பட்டியலில் அழகாக இருந்தால் மட்டும் போதாது, வாக்கியத்தில் உட்கார வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

என் பாட்டி ‘இஸ்கூலு’ என்பார். தாத்தா ஸ்டேஷனை ‘டேசன்’ என்பார். இருவருக்கும் ஒரே சிக்கல்: சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவது தமிழ் வருமுறைக்கு ஒவ்வாது. பாட்டி முன்னால் ஓர் இகரம் சேர்த்தார், தாத்தா ஸ்-ஐ விட்டுவிட்டார்.

இன்னொன்று. பேச்சில் சொல்லின் கடைசி மெய்யோடு உகரம் சேர்கிறது: பல்லு, கண்ணு, ஆனால் காலு, மீனு. தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கிறது, நெடிலை அடுத்தது இரட்டிப்பதில்லை. ‘தனிக்குறில் முன்ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்ற நன்னூல் விதியேதான் (அதிலும் ‘வரின்’ இருப்பதைக் கவனியுங்கள்). கண்ணழகு என்ற புணர்ச்சிக்குச் சொன்ன விதி டீக்கடைப் பில்லுக்கும் பொருந்துகிறது: பில்லு, பஸ்ஸு, ஆனால் காரு, ரோடு. அப்படியானால் நெடிலுக்குப் பின் ‘நோட்டு’ ஏன் இரட்டித்தது? உயிர்களுக்கு நடுவே ஒற்றை டகரம் வந்தால் நாம் ரோட்டின் டகரம்போல மென்மையாகத்தான் ஒலிப்போம். வல்லோசையைக் காப்பாற்ற இரட்டிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வருமுறை காலத்தோடு மாறும் என்பதையும் இச்சொல்லால் எளிதாக எழுத முடிகிறது. சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்றோடும் மொழிமுதலில் வராது என்பது தொல்காப்பிய நூற்பா (பாடவேறுபாடு உண்டு). அதன்படி ‘சரி’ என்ற சொல்லே வருமுறை மீறல். நன்னூலில் அந்தத் தடை இல்லை.

‘எழுத்து வருமுறை’ என்று ஏன் சொல்லக்கூடாது என்று தனிமடலில் கேட்ட அம்மாவுக்கு: மரபுப்படி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் இன்று எழுத்து என்றதும் வரிவடிவம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒலியன் என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம், அதையே தொடர்வோம்.

துறைப்பெயராக ‘வருமுறையியல்’ என்று நீட்டுவதா, ‘ஒலியன் வருமுறை’யோடு நிறுத்துவதா என்பதில் மட்டும் எனக்கு உங்கள் கருத்து வேண்டும். இது ஒலியனியலின் ஒரு பகுதிதான், தனித் துறையல்ல என்பதால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் பக்கம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயவுசெய்து ஒரு வாக்கியத்தில் பயன்படுத்திக் காட்டி எழுதுங்கள்.