சிலுவெட்: நிழலுருவா, புறவுருவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியிலும் கைப்பேசியிலும் படம் வரையப் பழகுகிறவர்களுக்காக நாம் சேர்த்துவரும் சொற்பட்டியலில் லேயருக்கு அடுக்கு, பிரஷ்ஷுக்குத் தூரிகை எனப் பல சொற்கள் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. சிலுவெட் (silhouette), அதாவது உள்விவரம் இல்லாமல் ஒரே நிறத்தில் நிரப்பிய உருவம், அதற்கான சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. கடைசியாக வந்த மடலில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> நிழலுரு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

நியாயமான கேள்விதான். புழங்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் புதுச்சொல் செய்வதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் போன மாதம் கோத்தகிரியில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சனி ஞாயிறு வந்தால் என்னிடம் வந்துவிடுவாள். இருவரும் சேர்ந்து கதைமாந்தர் வரையப் பழகுகிறோம். அவள் கைப்பேசியில் ஐபிஸ் பெயிண்ட், நான் கணினியில் கிருத்தா; இரண்டும் படம் வரையும் மென்பொருள்கள். அவளுக்காகத் தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: "முதலில் நிழலுருவை வரை. அது தெளிவாக இருந்தால்தான் கண், மூக்கு, துணி மடிப்பு எல்லாம்." அவள் தேயிலை பறிக்கும் ஒரு பாட்டியை வரைந்தாள். பாட்டியின் காலடியிலிருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து, செடி வரிசைமேல் ஏறி இறங்கிப் போகிற நீண்ட சாம்பல் நிழல் ஒன்றையும் வரைந்தாள். அழகாகவே வந்திருந்தது. ஆனால் நான் கேட்டது அது இல்லை. "சித்தி, நிழல்னுதானே எழுதியிருக்கீங்க?" என்றாள். அவள் சொன்னதில் தவறே இல்லை.

வேறு துறையில் நிழலுரு ஒத்துவரலாம். ஓவியத்தில் நிழலுக்குச் சொந்த வேலை இருக்கிறது. ஒளி எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்பது வரைகிறவர் நாள்தோறும் பார்க்கும் கணக்கு. நிழலுக்கென்றே தனி அடுக்கு போடுகிறோம். நிழற்படம் என்றால் புகைப்படம் என்ற பொருளும் வந்து நிற்கிறது. இதற்கு நடுவில் நிழலுருவையும் வைத்தால், புதிதாகப் பழகுகிறவர் தடுமாறத்தான் செய்வார்.

நிழலுரு என்று சொன்னவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புகைப்படம் வருவதற்கு முன், ஐரோப்பாவில் ஆளை விளக்கின் முன் பக்கவாட்டில் உட்காரவைத்து, தாளில் விழும் முக நிழலின் ஓரத்தை வரைந்து, கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டுவார்கள். செலவு குறைந்த உருவப்படம். எத்தியென் த சிலுவெட் என்பவர் 1759இல் சில மாதங்கள் மட்டும் பிரான்சின் நிதி அமைச்சராக இருந்தார். அவருடைய சிக்கன நடவடிக்கைகளால் மலிவானதற்கெல்லாம் அவர் பெயரைச் சொல்லிப் பேசுவது வழக்கமாகி, கடைசியில் இந்தப் படங்களோடு ஒட்டிக்கொண்டது என்பார்கள். ஆக, மூலச்சொல்லில் நிழலும் இல்லை, உருவும் இல்லை. ஓர் ஆளின் பெயர்தான் இருக்கிறது. அதை மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. பொருளைப் பார்த்துப் பெயர் வைக்கலாம்.

பொருள் என்ன? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனிமூட்டம் இறங்கிய காலையில் தேயிலைத் தோட்டத்து வழியே நடந்தால், இருபதடி தள்ளி ஏதோ நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும். காட்டெருமையா, மூட்டை சுமந்த ஆளா, குத்துச்செடியா? காட்டெருமையின் கால்களில் வெள்ளைக் காலுறை போட்டது போன்ற நிறம் உண்டு. மூட்டத்தில் அது தெரியாது, கண்ணும் தெரியாது. ஆனால் தோளிலிருந்து நடுமுதுகு வரை மேடாக எழும்பி, பிறகு சட்டென்று இறங்குகிற முதுகுக்கோடு தெரியும். அது போதும், அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். கரடி உட்கார்ந்திருப்பதற்கும் கம்பளி போர்த்திய ஆள் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் அப்படித்தான் சொல்வார்: "தலைக்கும் தோளுக்கும் நடுவுல கழுத்து தெரியுதா பாரு."

உள்விவரம் எல்லாம் போனபின்னும் இது இன்னது என்று காட்டிக்கொடுக்கும் வடிவம் எதுவோ, அதுதான் சிலுவெட். கதைமாந்தரை வடிவமைக்கிறவர்களும் இதைத்தான் சோதிக்கிறார்கள். பாத்திரத்தின் அடுக்குகளை நகலெடுத்து ஒன்றாக்கி, வரைந்த இடத்துக்கு வெளியே நிறம் போகாமல் தடுக்கும் ஆல்ஃபா பூட்டைப் போட்டு, ஒரே நிறத்தை ஊற்றிவிடுவேன். அப்புறம் படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். அப்போதும் பாட்டி பாட்டியாகத் தெரிந்தால் சரி.

கருநிழல், கரியுரு என்று வந்த பரிந்துரைகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கரி என்றால் யானையும்தான் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார்; எனக்கு அதைவிடக் கருமையே தடையாகத் தெரிகிறது. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூரில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. வெள்ளையிலும் செங்காவியிலும் தீட்டியவை. நான் படங்களில் பார்த்த அளவில், பெரும்பாலான உருவங்களுக்கு உள்ளே கண் மூக்கு என்று எதுவும் இல்லை. ஒரே வண்ணத்தில் நிரப்பிய உடல்தான். ஆனாலும் எது மனிதன், எது விலங்கு என்று பார்த்ததும் புரிகிறது. அவையும் சிலுவெட்தான், கறுப்பே இல்லாமல். மென்பொருளில் நான் ஊற்றும் நிறமும் பெரும்பாலும் அடர்நீலம். ஆகவே கரு, கரி, இருள் என்று தொடங்கும் எந்தச் சொல்லும் பொருந்தாது.

மூட்டவுரு என்ற சொல்லும் மனதில் வந்தது. எங்கள் மலைக்கு நெருக்கமான சொல் என்பதால் ஆசையாகவே இருந்தது. ஆனால் மூட்டம் ஓரத்தை மழுக்கும். நமக்கு ஓரம் கூர்மையாக வேண்டும். விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை: புறவுரு.

புறம், உரு இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். அகத்தை நீக்கிப் புறத்தை மட்டும் பார் என்று சொல்லே சொல்லித்தருகிறது. அவுட்லைனுக்குப் புறக்கோடு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் இணையாக நிற்கும்: கோடு மட்டும் இருந்தால் புறக்கோடு, அதற்குள் நிரப்பினால் புறவுரு. தொடர்களில் போட்டுப் பார்த்தேன். "இந்த இரண்டு பாத்திரங்களின் புறவுருவும் ஒன்றுபோல இருக்கிறது." "புறவுருச் சோதனை செய்தாயா?" "கையை உடம்போடு ஒட்டி வரைந்தால் புறவுருவில் கை காணாமல் போய்விடும்." மூன்றும் தடங்கலில்லாமல் வாயில் வருகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். புறவு என்பது புறாவுக்குப் பழைய பெயர். சிபியின் தொடையில் அடைக்கலம் புகுந்ததே, அது புறவுதான். முல்லைநிலத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. புறவு + உரு என்று பிரித்தால் புறாவின் உருவம் ஆகிவிடாதா? இலக்கணப்படி பிரிக்கலாம். ஆனால் இன்று பேச்சிலோ செய்தித்தாளிலோ புறாவைப் புறவு என்று சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. ஓவியப் பாடத்தில் அந்தக் குழப்பம் வராது என்றே நம்புகிறேன். வரும் என்று நினைப்பவர்கள் ஒரு தொடரோடு எழுதுங்கள், பார்க்கலாம்.

அக்கா மகளின் குறிப்பில் சொல்லை மாற்றிவிட்டேன். போன ஞாயிறு பாட்டியின் படத்தை மறுபடி எடுத்தாள். முழுக்கச் சிவப்பை ஊற்றிப் பார்த்தால் பாட்டி ஒரு தூண் மாதிரி நின்றார்: முதுகுப் பை, போர்வை, மடக்கிய கை எல்லாம் ஒரே திரளாக. அவளே வலக்கையை முன்னால் நீட்டி, விரல் நுனியில் கொழுந்தை வைத்தாள். பையைத் தோளை விட்டுச் சற்றுக் கீழே இறக்கினாள். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு முக்கோணம் திறந்தது. உடனே ஆள் தெரிந்தது.

அந்த முக்கோணத்துக்கு, அதாவது நெகட்டிவ் ஸ்பேஸுக்கு, என்ன பெயர் வைப்பது என்று அவள் கேட்கிறாள். இடைவெளி என்று சொல்லியிருக்கிறேன், அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து