சதி லீலாவதி அருணுக்கு வந்தது நடுவயதுத் தடுமாற்றமா?

ஈசூன் அக்கா:
தேக்கா வாசி அண்ணன் நேற்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். கல்யாணம், நடுவயதுத் தடுமாற்றம் இரண்டையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன தமிழ்ப் படங்களில் சதி லீலாவதிக்குத்தான் முதலிடமாம். படித்ததில் இருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. படம் வந்தது 1995 பொங்கலுக்கு. அருணாக நடித்த ரமேஷ் அரவிந்த் 1964இல் பிறந்தவர். அப்போது அவருக்கு 30 வயது. முப்பதில் எங்கே இருந்து வந்தது நடுவயது? மனைவி குண்டாக இருக்கிறாள் என்று அலுத்துப்போய் இன்னொருத்தியிடம் போகிறான். இதற்குப் பெயர் துரோகம். வயதின் மேல் பழி போடாதீர்கள்.

தேக்கா வாசி:
நடிகரின் பிறந்த தேதியை வைத்துக் கதாபாத்திரத்துக்கு வயது சொல்வதை இன்றுதான் பார்க்கிறேன். மோட்டார் சுந்தரம் பிள்ளை 1966இல் வந்தபோது சிவாஜிக்கு 37தான். அதில் அவர் ஜெயலலிதாவுக்கு அப்பா, வீடு நிறையப் பிள்ளைகள், ஊருக்குத் தெரியாமல் இன்னொரு குடும்பம் வேறு. அவரையும் இளவட்டம் என்பீர்களா அக்கா?

ஈசூன் அக்கா:
சிவாஜி வயதானவராகவே வேஷம் கட்டி, வயதானவராகவே நடந்து காட்டினார். அருணுக்கு எங்கே நரை? எங்கே தொப்பை? 30 என்றால் 30தான்.

பொங்கோல் பானு:
வயதை விடுங்களேன். இதே கரு 1989இல் ஹாலிவுட்டில் ஷீ டெவில் என்று வந்தது. அதில் கைவிடப்பட்ட மனைவி வீட்டையே கொளுத்திவிட்டு, புருஷனை ஒன்றுமில்லாதவனாக ஆக்குகிறாள். தமிழில் லீலாவதி அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறாள். பாலு மகேந்திரா பெரிய இயக்குநர், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை அவமானத்துக்கு அப்புறமும் சேர்ந்து வாழ்வதை நல்ல முடிவு என்று எப்படி ஏற்பது? அதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

ஈசூன் அக்கா:
பானு, அது தனிக் கதை. இங்கே கேள்வி வயது. அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.

கொங்கு மாப்பிள்ளை:
அக்கா, நீங்கள் தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கமல் 1954இல் பிறந்தவர், அந்தப் பொங்கலுக்கு அவருக்குச் சரியாக 40. அவர் நடித்த டாக்டர் சக்திவேல் கவுண்டர்தான் படத்தின் நடுவயதுக்காரர். ஒரு பக்கம் மனைவி பழனி, இன்னொரு பக்கம் சிநேகிதன் அருணின் திருட்டுத்தனம். நடுவில் மாட்டிக்கொண்டு அவர் முழிக்கிற முழிதான் படமே. கமலும் கோவை சரளாவும் பேசுகிற எங்கள் ஊர்ப் பேச்சு இல்லாவிட்டால் அந்தப் படத்தை யார் இன்றும் பார்ப்பார்கள்?

தேக்கா வாசி:
அந்தக் கொங்குப் பேச்சுதான் படத்தில் கொஞ்சம் மிகை. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ங்க’ போட்டால் ஆயிற்றா?

கொங்கு மாப்பிள்ளை:
சிங்கப்பூர்த் தேக்காவில் உட்கார்ந்துகொண்டு கோயம்புத்தூர்ப் பேச்சுக்கு மார்க் போடாதீர்கள் அண்ணே. கோவை சரளா எங்கள் ஊர்க்காரர், அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

தேக்கா வாசி:
வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் இங்கே பிறந்தவனுக்குப் பாடம் எடுக்கிறார்கள். கவுண்டமணியா வடிவேலுவா என்று போன மாதம் நடந்த சண்டையிலும் இதே ஆள்தான் ஊர்ப் பெருமையை இழுத்தார்.

கொங்கு மாப்பிள்ளை:
அன்றைக்குப் பதில் சொல்ல முடியாமல் காணாமல் போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பொங்கோல் பானு:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். லீலாவதி இங்கே சிங்கப்பூரில், வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் வாழ்ந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசியுங்கள். சிங்கப்பூரில் பொதுவாகக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆனால்தான் மணவிலக்குக்கு மனுப் போட முடியும். 2024 ஜூலை 1 முதல், யார் மேலும் குற்றம் சொல்லாமல் இருவரும் ஒப்புக்கொண்டே பிரியவும் வழி வந்துவிட்டது. அவளுக்கும் வேறு வழி இருந்திருக்கும் அல்லவா?

தேக்கா வாசி:
சிரிப்புப் படத்துக்குள் சட்டத்தைக் கொண்டுவராதே பானு. எல்லோரும் ஒப்புக்கொண்டு பிரிந்துவிட்டால் அப்புறம் படம் எதற்கு?

ஈசூன் அக்கா:
பேச்சை மாற்றுவதில் அண்ணன் கெட்டிக்காரர். நான் விடுவதாக இல்லை. சின்ன வீடு படத்தை எடுங்கள், 1985. பாக்யராஜுக்கு அப்போது 32. அதிலும் மனைவி பருமன் என்று வெறுக்கிறான், வெளியே போகிறான். அந்த மனைவியும் கல்பனா, பத்து வருஷம் கழித்து லீலாவதியும் அதே கல்பனா! எவ்வளவு அருமையான நடிகை. அவரை ‘குண்டு மனைவி’ என்ற ஒரே அச்சுக்குள் அடைத்தார்கள். இரண்டு படத்திலும் புருஷன் முப்பதைத் தொட்டவன், அவ்வளவுதான். சின்ன வீட்டை மட்டும் உங்கள் பட்டியலில் நீங்களே ‘வெறும் சபலக் கதை’ என்று ஒதுக்கிவிட்டு, சதி லீலாவதியைத் தூக்கி மேலே வைக்கிறீர்கள். என்ன நியாயம் இது?
நடுவயதுத் தடுமாற்றம் பார்க்க வேண்டுமானால் 36 வயதினிலே படத்தைப் பாருங்கள். 2015 மே மாதம் படம் வந்தபோது ஜோதிகாவுக்கு நிஜமாகவே 36. அவர் நடித்த வசந்திக்கு வயதைக் காட்டி வெளிநாட்டு வேலையை மறுக்கிறார்கள், புருஷனும் மகளும் அவளை விட்டுவிட்டு அயர்லாந்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவள் யாரையும் ஏமாற்றிக்கொண்டு ஓடவில்லை. மாடியில் காய்கறி போட்டு எழுந்து நிற்கிறாள்.

தேக்கா வாசி:
அது சிரிப்புப் படமா? நான் போட்டது சிரிப்புப் படங்களின் பட்டியல். தலைப்பையாவது ஒழுங்காகப் படியுங்கள்.

கொங்கு மாப்பிள்ளை:
கமலுக்கு 40. அதைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

ஈசூன் அக்கா:
சக்திவேல் எங்கே தம்பி தடுமாறினார்? தடுமாறியது அருண். அருணுக்கு 30. பட்டியலில் இருந்து அந்தப் படத்தை எடுங்கள் அண்ணே.

தேக்கா வாசி:
எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பட்டியல் போடுகிறேன். அதிலும் சதி லீலாவதிக்குத்தான் முதலிடம்.

ஈசூன் அக்கா:
போடுங்கள். அதற்குக் கீழேயும் வந்து 30 என்று எழுதுவேன்.