புதுப்பிப்பு: தெக்காப்போவில் கேம்பர்வேனோடு இரண்டு இரவு

ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மாவோடும் பிள்ளைகளோடும் நியூசிலாந்தின் தெக்காப்போவில் கேம்பர்வேனை (உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) நிறுத்தித் தங்கலாமா, குளிர் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தாச்சு.

ஓட்டுவது சிரமமில்லை. அங்கேயும் இடப்பக்கம்தான், நம் சிங்கப்பூர் உரிமமே போதும். ஆனால் விடியற்காலையில் கிளம்பாதீர்கள். நிழல் விழும் வளைவுகளில் பனிக்கட்டி கண்ணுக்கே தெரியாது.

மின் இணைப்புள்ள கட்டண இடத்தில் நிறுத்தச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. இரவு முழுக்க ஹீட்டர் ஓடியது. காலையில் தண்ணீர் பிடிக்கப் போனால், ரப்பர் குழாய் உள்ளே உறைந்து கம்பு மாதிரி விறைத்துக் கிடந்தது. முந்தைய இரவே கெட்டிலை நிரப்பி வைத்திருந்ததால் அம்மாவுக்குக் காப்பி கிடைத்தது.

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் வாங்கிய மசாலாத் தூளை விமான நிலையப் படிவத்தில் எழுதிக் காட்டினோம், விட்டுவிட்டார்கள்.

அப்புறம் அந்த வானம்! 2012 முதல் அந்தப் பகுதி இருள்வானக் காப்பகம், அதாவது இரவு வானம் தெளிவாகத் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடம். பால்வீதி தலைக்கு நேர் மேலே. அம்மா கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார். "சின்ன வயசுல ஊர்ல பார்த்தது," என்றார். உள்ளே வரவே மனமில்லை அவருக்கு.